நிலநடுக்கத்துக்குப் பிந்தைய ரேடார் படம் இடிக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இமயமலைப் பக்கமோ மியான்மர்ப் பக்கமோ பூமி குலுங்கினால், அடுத்த செயற்கைக்கோள் பாஸ் (அந்த இடத்தை ஒரு முறை கடந்து படம் எடுப்பது) முடிந்த கையோடு பெங்களூரில் எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். ஆராய்ச்சி மாணவர்கள், வைட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் வரைபடம் செய்பவர்கள், சிவில் இன்ஜினியர்கள் என்று பலரும் கூப்பிடுவார்கள். நடுக்கத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு ரேடார் படங்களை இணைத்து, இடையில் நிலம் நகர்ந்ததை வண்ணப் பட்டைகளாகக் காட்டும் இன்டர்ஃபெரோகிராம் போட்டிருப்பார்கள். ஏதோ ஓர் இடத்தில் இடித்திருக்கும். கேள்விகள் பெரும்பாலும் அதே சிலதான். அவற்றை அறிகுறிவாரியாக எழுதி வைக்கிறேன். காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

இதில் எனக்கு அக்கறை அதிகம், காரணம் உண்டு. நிலம் நகர்ந்ததாக வெளியே வரும் வண்ணப் படங்களில் ஒரு பகுதி வானத்தின் ஈரமும் மென்பொருளின் குழப்பமும்தான். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும் இடத்தில் கூடாரத்தில் படுத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆகவே நிலம் நகர்ந்தது என்று சொல்வதற்கு முன் மற்றவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

எண்கள் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் கணக்கில். அதன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 செ.மீ.; ஒரு முழு வண்ணச் சுற்று என்றால் செயற்கைக்கோளின் பார்வைக் கோட்டில் 2.8 செ.மீ. நகர்வு. ஆலோஸ்-2, நிசார் போன்ற எல் பேண்ட் (அலைநீளம் கூடிய) ரேடாரில் ஒரு சுற்று கிட்டத்தட்ட 12 செ.மீ.

முதலில் ஒரு பெங்களூரு சோதனை

உங்கள் கணினி, உங்கள் மென்பொருள், உங்கள் அமைப்புகள் ஆகியவற்றை நம்பலாமா என்று தெரிய வேண்டுமானால், பெங்களூரு மேல் 12 நாள் இடைவெளியில் ஒரு ஜோடியை எடுத்து அதே வழியில் ஓட்டிப் பாருங்கள். நகரம் பழைய நைஸ் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. 12 நாளில் சென்டிமீட்டர் கணக்கில் நகராது. கட்டடங்கள் நிறைந்திருப்பதால் கோஹெரன்ஸ் (இரண்டு படங்களும் ஒத்துப்போகும் அளவு) நன்றாக இருக்கும். மழை மேகத்தின் தடமாக ஓரிரு மங்கலான பட்டை வரலாம். அதற்கு மேல் வரிசையாகப் பட்டை வந்தால், நேபாளமோ திபெத்தோ பக்கமே போகாதீர்கள். தவறு உங்கள் செயலாக்கத்தில் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் இரண்டு தேதிகளை எடுப்பது நல்லது.

அறிகுறி: மென்பொருள் பாதியில் நின்றுவிடுகிறது

இதை வேகமாகக் கடந்துவிடலாம். கோப்பு முழுதாக இறங்கியதா என்று அளவை ஒப்பிடுங்கள். ஒரு சென்டினல்-1 எஸ்எல்சி கோப்பு (இன்டர்ஃபெரோகிராமுக்கான மூலப் படம்) பல ஜிகாபைட். பிஜி விடுதி இணையத்தில் இரவு முழுக்க இறங்கியது என்பதால் சரியாக இறங்கியது என்று அர்த்தமில்லை. வட்டில் இடம் பாருங்கள். ஒரு ஜோடிக்கே 100 ஜிபி ஒதுக்கி வைப்பது பாதுகாப்பு. இரண்டும் ஒரே பாதை எண்ணா, ஒரே திசையா என்று பாருங்கள். இரண்டு தேதியிலும் படத் துண்டின் மேல், கீழ் எல்லைகள் ஒன்றாக இருக்காது. ஒரு தேதிக்கு அடுத்த துண்டையும் சேர்த்து இறக்க வேண்டியிருக்கும். இத்தனையும் சரி என்றால் நினைவகம் போதவில்லை. சின்ன பகுதியாக வெட்டி ஓட்டுங்கள். வாடகைக் கணினிக்குக் காசு கட்டுவது அதற்குப் பிறகு.

அறிகுறி: படம் முழுக்க வெறும் புள்ளி இரைச்சல்

"அண்ணா, டிவில சேனல் போன மாதிரி ஒரே புள்ளியா இருக்கு" என்பார்கள். முதல் கேள்வி: ஊர் இருக்கும் இடத்திலுமா?

*ஊர், பாறை, வறண்ட ஆற்றுப்படுகை எல்லாம் சேர்ந்து இரைச்சல் என்றால்,* இயற்கையைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. டெம் என்ற தரை உயரக் கோப்பு முழுப் பகுதியையும் மூடுகிறதா, ஆர்பிட் கோப்பு (செயற்கைக்கோள் பறந்த பாதையின் பதிவு) அந்தத் தேதிக்கு உரியதா, முன்படம் பின்படம் இரண்டும் ஒரே துணைப்பட்டையை (படத்தின் நீளவாக்குத் துண்டு) சேர்ந்தவையா என்று வரிசையாகப் பாருங்கள்.

*ஊரில் பட்டை தெரிகிறது, காட்டிலும் வயலிலும் மட்டும் இரைச்சல் என்றால்,* அது கோளாறு இல்லை. இலை அசைந்தது, நெல் வளர்ந்தது, பனி விழுந்தது. இங்கே செய்யக்கூடியவை: இடைவெளி குறைந்த ஜோடியைத் தேடுவது, மல்டிலுக் (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்குவது) கூட்டுவது, வடிகட்டியை அளவாக வைப்பது. வடிகட்டியைக் கடுமையாக்கினால் இரைச்சலிலிருந்தே அழகான பட்டை முளைக்கும். வடிகட்டாத படத்தில் மங்கலாகவாவது தெரியாத எதையும் வடிகட்டிய படத்தில் நம்பாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எல் பேண்டுக்குப் போகவேண்டும். இலைகளை ஊடுருவித் தரை வரை போவதில் அதற்குத்தான் திறன் அதிகம். ஜப்பானின் ஆலோஸ்-2 2014 முதல் வானில் இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவின் எல் பேண்டையும் இஸ்ரோவின் எஸ் பேண்டையும் ஒன்றாகச் சுமக்கிறது. அதைப் பூட்டிச் சோதித்தது நம் ஊர் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம். அடர்காட்டு மலைச்சரிவுகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

அறிகுறி: படத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை இணையான பட்டைகள்

பட்டைகளை எண்ணுங்கள். பத்துப் பதினைந்து இருந்தால் ஆர்பிட் கோப்பு சேரவே இல்லை. மென்பொருள் கிடைத்ததை வைத்து ஓட்டிவிட்டது. ஒன்றோ அரையோ இருந்தால் அவசர ஆர்பிட் கோப்பின் பிழையாக இருக்கலாம். துல்லியமான கோப்பு படம் எடுத்து ஏறத்தாழ 20 நாள் கழித்துத்தான் வரும். அவசரமில்லை என்றால் காத்திருந்து மறுபடி ஓட்டுங்கள். செலவே இல்லாத தீர்வு இது.

பலரும் காத்திருக்காமல் சாய்வை நேராக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். பெரிய நடுக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு நிலத்தை மெதுவாகச் சாய்க்கும். அந்த உண்மையான சாய்வையும் பொத்தான் துடைத்துவிடும். அழுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், பிளவுக்கு (நிலம் அறுந்த கோட்டுக்கு) வெகுதூரத்திலுள்ள பகுதியை மட்டும் வைத்துச் சாய்வைக் கணக்கிடச் சொல்லுங்கள்.

எல் பேண்டில் இதே அறிகுறி வந்தால் சந்தேகம் அயனமண்டலத்தின் (மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல்வானம்) மேல் போகவேண்டும். அலைநீளம் கூடக் கூட அதன் பாதிப்பு மிகுதி. நம் நாட்டில் இது பெரிய தொல்லை: காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனை அருகே போகிறது, எலெக்ட்ரான் குவியல் அகமதாபாத், போபால் அட்சரேகையில் உச்சமடைகிறது. 2001 ஜனவரி 26 அன்று குலுங்கிய கட்ச் பகுதி அந்த உச்சத்தின் கீழேதான் வருகிறது. மாலைப் பாஸை விட விடியற்காலைப் பாஸ் அமைதியாக இருக்கும். முதலில் அதை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகே அலைவரிசையைப் பிரித்துத் திருத்தும் வேலை.

அறிகுறி: குறுக்கே படிக்கட்டு போல் வெட்டு

சென்டினல்-1 படம் பர்ஸ்ட் என்ற துண்டுகளால் ஆனது. துண்டுகளின் எல்லையில் வண்ணம் சட்டென்று மாறினால், பறக்கும் திசையில் பொருத்தம் தவறியிருக்கிறது. பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கான துல்லியம் அங்கே வேண்டும். பர்ஸ்ட் மேற்பொருந்தும் இடத்தைக் கொண்டு திருத்தும் படியை நீங்கள் தாண்டியிருந்தால் அதைச் சேருங்கள்.

சேர்த்த பின்னும் பிளவு அருகில் மட்டும் வெட்டு நிற்கிறதா? அப்படியானால் அது நிஜ நகர்வாக இருக்கலாம். நிலம் வடக்கு தெற்காகச் சில மீட்டர் நகர்ந்தால் பர்ஸ்ட் எல்லையில் வெட்டாகவே தெரியும். திருத்தும் படி அதையும் பிழையென்று எண்ணிப் படம் முழுக்கப் பரப்பிவிடும். எனவே தூரத்து பர்ஸ்ட்களை மட்டும் திருத்தத்துக்குக் கொடுங்கள்.

அறிகுறி: வளையங்கள் மலையின் வடிவத்திலேயே இருக்கின்றன

அதிகம் ஏமாற்றுவது இதுதான். பள்ளத்தாக்கில் ஒரு நிறம், உச்சியில் இன்னொரு நிறம். பார்ப்பதற்கு மலை மேலெழுந்தது போலவே இருக்கும்.

முதல் சோதனை: பிளவிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஒரு மலையைப் பாருங்கள். அங்கும் அதே வளையம் இருந்தால் நிலநடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது: உயரத்தை ஓர் அச்சிலும் ஃபேஸை (வண்ணம் காட்டும் அலை நிலையை) இன்னோர் அச்சிலும் வைத்துப் புள்ளிகளைப் போடுங்கள். நேர்கோடாக விழுந்தால் அடுக்கடுக்காகப் படிந்த ஈரக்காற்றுதான் காரணம். டெம் பிழை என்று பலர் முதலில் சந்தேகிப்பார்கள். சென்டினல்-1 பாதைகள் நெருக்கமாக ஓடுவதால், 100 மீட்டர் பேஸ்லைனில் (இரண்டு பாஸ்களின் பாதைகளுக்கு இடையிலான தூரம்) டெம் 10 மீட்டர் தவறியிருந்தாலும் படத்தில் வருவது மில்லிமீட்டர் கணக்குதான்.

மூன்றாவது சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை. நடுக்கத்துக்கு முன் இரண்டு தேதிகள், பின் இரண்டு தேதிகள் எடுத்து நான்கு ஜோடிகள் போடுங்கள். எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது நிலம். ஒரு குறிப்பிட்ட தேதி சேர்ந்தால் வந்து, அது விலகினால் மறைவது அந்தத் தேதியின் வானம். கூடவே முன் தேதிகள் இரண்டை மட்டும் சேர்த்து ஒரு ஜோடி போடுங்கள். நடுக்கம் நடக்காத காலத்தில் அந்தப் பகுதியின் வானம் எவ்வளவு ஏமாற்றும் என்பது தெரிந்துவிடும். பருவமழைக் காலத்து இமயமலையில் அந்த ஏமாற்று பல சென்டிமீட்டர் வரை போகும்.

திருத்தம் வேண்டுமானால் ஈஆர்ஏ-5 வானிலைத் தரவை வைத்துச் செய்யும் நிரல்கள் இலவசம். ஆனால் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் தூரத்துப் பகுதியின் சிதறலை அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் திருத்தத்தை எறிந்துவிடுங்கள். அன்றைய மேகத்தை அந்த வானிலைத் தரவு பிடிக்கவில்லை.

அறிகுறி: படம் சரி, ஆனால் சாலைகளை விட்டு நூறு மீட்டர் தள்ளி நிற்கிறது

டெம் உயரம் கடல்மட்டக் கணக்கில் இருக்கிறது, மென்பொருள் நீள்கோளக் கணக்கில் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது) எதிர்பார்க்கிறது. தென்னிந்தியாவில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. பெங்களூரில் 80 மீட்டருக்கும் மேல். நம்மூர்ச் சோதனை ஜோடியில் இது முதலில் பிடிபட்டுவிடும். ஒரு அமைப்பை மாற்றினால் முடிந்தது.

அறிகுறி: பிளவை நெருங்க நெருங்கப் பட்டைகள் நெருங்கி, பிறகு கலைந்து போகின்றன

அங்கேதான் நமக்கு மிக அவசியமான தகவல் இருக்கிறது, அங்கேதான் படம் கைவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களுக்கு இடையே 1.4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சுற்றுகளை எண்ண முடியாது.

மல்டிலுக்கைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிக்சல் சிறிதானால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம். அதற்கு மேல் பிக்சல் ஆஃப்செட் முறை: ஃபேஸை மறந்துவிட்டு, படத்தின் பிரகாசப் புள்ளிகள் எவ்வளவு இடம் மாறின என்று அளப்பது. சென்டிமீட்டர் துல்லியம் போய்விடும்; ஆனால் மீட்டர் கணக்கில் நகர்ந்த இடத்தில் அது போதும். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று 7.8, அதற்கு ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 ரிக்டர் கணக்கில் வந்த இரட்டை நடுக்கத்தில் பிளவோரத்தை வரைந்தது இந்த முறைதான். (ரிக்டர் என்பது செய்தித்தாள் வழக்கு, அறிக்கையில் மொமென்ட் அளவு என்று எழுதுங்கள்.) இரண்டும் ஒரே ஜோடிப் படத்துக்குள் விழுந்ததால் எது எவ்வளவு நகர்த்தியது என்று அந்த ஜோடியால் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது எல் பேண்ட். அதற்கும் மேல் என்றால் களத்தில் ஜிபிஎஸ் கருவியோடு ஆள் இறங்க வேண்டும். அது தனி மனிதர் வேலை இல்லை. இந்திய எல்லைக்குள் என்றால் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் வேலை.

அறிகுறி: அன்ராப் செய்த பிறகு ஒரு பகுதி மட்டும் தீவு போல் உயர்ந்து நிற்கிறது

அன்ராப் என்பது வண்ணச் சுற்றுகளை எண்ணித் தொடர்ச்சியான நகர்வாக மாற்றுவது. தீவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள். 2.8, 5.6, 8.4 செ.மீ. என்று சரியான மடங்கில் இருந்தால் அது எண்ணிக்கைப் பிழை. ஏரி, ஆறு, இரைச்சல் பகுதிகளை மறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மூன்று தேதிகள் இருந்தால் ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று கூட்டினால் ஒன்று-மூன்று வரவேண்டும். வராத இடம்தான் பிழை இருக்கும் இடம். ஆற்றுக்கு அக்கரையில் தனித்து நிற்கும் பகுதிக்கு எந்தச் சோதனையும் உறுதி தராது. அதைத் தனி நிறத்தில் காட்டி, இதன் மதிப்பு நிச்சயமில்லை என்று படத்திலேயே எழுதுங்கள்.

அறிகுறி: ஏறுமுகப் படம் ஒன்று சொல்கிறது, இறங்குமுகப் படம் வேறொன்று சொல்கிறது

செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்தது ஏறுமுகம், தெற்கு நோக்கிப் போகும்போது எடுத்தது இறங்குமுகம். கோளாறு இல்லாமலேயே இது வரலாம். நிலம் கிழக்கு மேற்காக நகர்ந்தால் ஒரு திசையில் நெருங்கியும் மறு திசையில் விலகியும் தெரியும். இரண்டையும் சேர்த்தால்தான் மேல்-கீழ் எவ்வளவு, கிழக்கு-மேற்கு எவ்வளவு என்று பிரியும்.

ஆனால் குறி தலைகீழாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஒரு மென்பொருளுக்கு செயற்கைக்கோளை நோக்கி வருவது நேர்மறை, இன்னொன்றுக்கு விலகுவது நேர்மறை. இதற்குத் தெரிந்த விடையுள்ள கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: நேபாளம், 2015 ஏப்ரல் 25. சென்டினல்-1 ஏப்ரல் 17, ஏப்ரல் 29 தேதிகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. காத்மாண்டு அப்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதன் வடக்கே மலைகள் தாழ்ந்தன. உங்கள் படத்தில் காத்மாண்டு இறங்கியிருந்தால் குறியைத் திருப்புங்கள்.

இரண்டு திசையிலும் நகர்வே தெரியவில்லை, ஆனால் தரையில் சாலை மீட்டர் கணக்கில் அறுந்திருக்கிறது என்றால் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். இந்தச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ வடக்கு தெற்காகப் பறந்து பக்கவாட்டில் பார்ப்பவை. வடக்கு தெற்கு நகர்வுக்கு அவை கிட்டத்தட்டக் குருடு. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7 அளவில் அறுந்த சகாயிங் பிளவு அப்படித்தான் ஓடுகிறது. அங்கே இன்டர்ஃபெரோகிராமை மட்டும் பார்த்து நகர்வு குறைவு என்று சொல்வது பெரும் தவறு. பறக்கும் திசை ஆஃப்செட்டைப் போடுங்கள், சென்டினல்-2 ஒளிப்படங்களையும் ஒப்பிடுங்கள். இரண்டும் இலவசம்.

அறிகுறி: ஜிபிஎஸ் நிலையத்தோடு எண் ஒத்துவரவில்லை

ரேடார் தருவது நீங்கள் தேர்ந்த ஆதாரப் புள்ளியோடு ஒப்பிட்ட நகர்வு. ஜிபிஎஸ் உலகச் சட்டகத்தில் பேசுகிறது. அதில் இந்தியத் தட்டே ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கழித்து, மூன்று கூறுகளையும் பார்வைக் கோட்டில் வீழ்த்தி, பிறகு ஒப்பிடுங்கள். தேதிகளையும் பாருங்கள். ஜிபிஎஸ் நடுக்க நாளின் நகர்வைச் சொல்லும். படத்தில் அடுத்தடுத்த நாட்களின் நகர்வும் பின்னதிர்வுகளும் கலந்திருக்கும். நேபாளத்தில் மே 12 தாண்டிய ஜோடி எடுத்தால் 7.3 அளவிலான இரண்டாவது பெரிய அதிர்வும் உள்ளே வந்துவிடும்.

அறிகுறி: மாதங்கள் கழித்தும் நிலம் இறங்கிக்கொண்டே இருக்கிறது

பிளவைச் சுற்றி இறங்கினால் நடுக்கத்தின் பின்விளைவாக இருக்கலாம். ஊருக்கு நடுவே கிண்ணம் போல் இறங்கினால் ஆழ்துளைக் கிணறுகளைத்தான் முதலில் கேட்க வேண்டும். காத்மாண்டு பள்ளத்தாக்கிலும் டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய கபஷேராவிலும் நிலத்தடி நீர் உறிஞ்சலால் தரை இறங்குவது நிலநடுக்கம் இல்லாமலேயே பதிவாகியிருக்கிறது. நடுக்கத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படங்களைப் போட்டு அப்போதே இறங்கியதா என்று பாருங்கள். வெறும் 12 நாள் ஜோடிகளைச் சங்கிலியாகக் கோத்தாலும் இல்லாத இறக்கம் சேர்ந்துவரும். நீண்ட இடைவெளி ஜோடிகளையும் கலந்து சரிபாருங்கள்.

அறிகுறி: "படத்தில் எங்கள் வீடு சிவப்பாக இருக்கிறது, உள்ளே போகலாமா?"

இந்த இடத்தில் நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோஹெரன்ஸ் குறைந்ததை வைத்துச் சேதப் படம் போடுவது நல்ல முறை, மீட்புக் குழுவுக்கு எங்கே முதலில் போவது என்று காட்டும். ஆனால் மழை, மண்சரிவு, புதிதாக எழும் கட்டடம் எல்லாமே அதே சிவப்பைத் தரும். சிவப்பில்லாத வீட்டின் தூண் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். ஒரு வீட்டுக்குள் போகலாமா என்பதை நேரில் பார்த்த கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்லவேண்டும். நடுக்கத்தின் அளவு, மையம் பற்றிய கேள்விக்கு டெல்லியிலுள்ள தேசிய நில அதிர்வு மையம். பேரிடர்க் காலச் செயற்கைக்கோள் வரைபடங்களுக்கு ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம். கர்நாடகத்துக்குள் என்றால் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம். அணை, பாலம், மக்களை அப்புறப்படுத்துவது ஆகிய மூன்றில் எதுவும் உங்கள் படத்தைச் சார்ந்து முடிவாகப் போகிறது என்று தெரிந்த நிமிடமே அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுக்கும்போது இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்: இரண்டு தேதிகள், பாதை எண், ஏறுமுகமா இறங்குமுகமா, ஆர்பிட் கோப்பு அவசரமா துல்லியமா, பேஸ்லைன், ஆதாரப் புள்ளி எங்கே, குறி எந்தப் பக்கம், வடிகட்டாத வண்ணச் சுற்றுப் படம் (அன்ராப் செய்யாதது), கோஹெரன்ஸ் படம்.